நார்மனின் கல்லில் 'நைஸ்'

1
இது திருட்டுச் சரக்கு. யார்க்ஷயரில் எங்கள் ஊர் ரொட்டிக்கடை வரிசையில், கல்லறைக் கல் செதுக்கும் டெரெக் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். என் முறை வந்தபோது என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

2
மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் டோரீன்…

(வேண்டாம். இங்கிலாந்துக் கதை என்றாலே மழையா?)

வெயிலடித்த ஒரு காலையில் டோரீன், இறந்துபோன கணவர் நார்மனின் கல்லுக்கு வாசகம் சொல்ல டெரெக்கின் பட்டறைக்கு வந்தாள். கூடவே நார்மனின் அக்கா வினிஃப்ரெட், ஓய்வுபெற்ற லத்தீன் டீச்சர்.

"நார்மன், நைஸான மனுஷன். அவ்வளவுதான், டெரெக்."

"நைஸா?" வினிஃப்ரெட் கைத்தடியால் தரையைத் தட்டினாள். "அது லத்தீன்ல 'நெஸ்கியுஸ்', டோரீன். ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். என் தம்பி தலைமாட்டுல மக்குன்னு வெட்டச் சொல்றியா?"

3
(வினிஃப்ரெட்டை வில்லியாக்கப் பார்த்தேன். மூக்கில் ஒரு மருகூட வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். தம்பியைப் புதைத்துவிட்டு வந்தவள். அழ வராமல் இலக்கணம் பேசுகிறாள்.)

"மக்கு மட்டும்தானா?" என்றாள் டோரீன்.

"பிரெஞ்சுல முட்டாள். இங்க வந்து, எதுக்கும் நொட்டை சொல்றவன்னு ஆச்சு. அப்புறம் மென்மையானவன். நல்லவன்ங்கிறதெல்லாம் நேத்து வந்தது."*

* நேற்று என்றால் இருநூற்றைம்பது வருஷம் இருக்கும். லத்தீன் டீச்சர் கணக்கு அப்படி.

டோரீன் சிரித்துவிட்டாள். "கல்யாணத்துக்கு மோதிரத்தை மறந்துட்டு வந்தாரு. முட்டை நாலு நிமிஷத்துக்கு மேல வெந்தா தொடமாட்டாரு. நாய் செத்ததுக்கு ஒரு வாரம் அழுதாரு. அவரைத்தானே வரிசையாச் சொல்றே, வினி?"

தடி தட்டுவது நின்றது. பேர் வெட்டாத ஒரு கல்லின்மேல் வினிஃப்ரெட் உட்கார்ந்தாள்.

"மோதிரத்தை அவன் மறக்கல. என்கிட்டக் கொடுத்து வச்சிருந்தான். வீட்லயே விட்டுட்டு வந்தது நான். அப்பா கத்தினப்போ, ஒண்ணுமே தெரியாத மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னான். என்னைக் காட்டிக்கொடுக்கல."

"நாப்பத்திரண்டு வருஷம்! ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அவரைச் சொல்லிக்காட்டுனேனே, வினி!"

வினிஃப்ரெட் நிமிரவில்லை. "அந்த வார்த்தையையே வெட்டு, டெரெக். கொஞ்சம் பெருசா."

4
வெட்டியிருக்கிறார். போய்ப் பார்த்தேன்.

ஆனால் டோரீன் நாத்தனாரை மன்னித்தாளா? ஒரு பிரதியில் இருவரும் கைகோத்து வெளியேறுகிறார்கள். இன்னொன்றில் டோரீன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு…

எது உங்களுக்குத் தோதோ வைத்துக்கொள்ளுங்கள். லத்தீனுக்கும் தெரியாத ஓர் அர்த்தம் அந்த வார்த்தைக்குத் தமிழில் இருக்கிறது. நான் நைஸாக நழுவிக்கொள்கிறேன்.