அப்பா சொன்ன பதில்

அந்த ஆஸ்பத்திரியின் தனி வார்டுக்குள் வீட்டாரை விடமாட்டார்கள். நோயாளியின் கட்டிலருகே ஒரு பேச்சுப்பெட்டி, வெளியே காத்திருக்கும் அறையில் இன்னொன்று. தம்பி வேலை பார்த்த சின்னக் கம்பெனிதான் அதைச் செய்து கொடுத்திருந்தது. அப்பாவை அங்கே சேர்த்த அன்று, "எங்க பெட்டியிலதான்கா பேசப்போற" என்று அக்காவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அக்கா அப்போது புருஷனை விட்டுவிட்டு அப்பா வீட்டில் இருந்தாள். அடி, உதை என்று ஏதும் இல்லை. அந்த மனிதர் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பேசினால் அன்றைக்கு வீட்டில் ஏதாவது ஒன்று உடையும். அவள் வந்து நின்றபோது அப்பா பையை வாங்கி உள்ளே வைத்தார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் பெட்டி வழியாகக் கேட்டேவிட்டாள். "அப்பா, நான் அங்க திரும்பிப் போகணுமா? மனசுல இருக்கறதச் சொல்லிடுங்க."

மூச்சு வாங்குவது கேட்டது. "பாப்பா..." என்றார் அப்பா. அதோடு சத்தம் நின்றுபோனது.

அக்கா காத்திருந்தாள். "அப்பா?" என்றாள். பெட்டி பேசவில்லை. "சரிப்பா, புரிஞ்சுது. போயிடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று மாலை அப்பா இறந்துபோனார்.

எல்லாம் முடிந்ததும் அக்கா துணிமணியை எடுத்து வைத்தாள். தம்பி தடுத்துப் பார்த்தான்.

"அப்பாவுக்கே பிடிக்கலடா. நேராவே கேட்டேன், வாயத் திறக்கல. நீ எதுக்குக் குறுக்க நிக்கற?" என்றவள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தார். "திடீர் திடீர்னு பெட்டி ஊமையாயிடுதுங்க. அணைச்சுப் போட்டா சரியாயிடுது."

தம்பியும், தாடி என்று எல்லோரும் கூப்பிடும் அவன் சீனியரும் பெட்டியை இயக்கும் பழைய நிரலைக் கணினியில் திறந்து உட்கார்ந்தார்கள். குரல் சின்னச் சின்னப் பொட்டலமாக வரும். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு பைட்டில் அதன் நீளம் எழுதியிருக்கும்; பின்னாலேயே அத்தனை பைட் குரல். அதைப் படிக்கும் பகுதியை எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் சி என்ற கணினி மொழியில் எழுதியிருந்தார். தாடி திரையில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

"இங்க பாரு, ஒரே ஒரு தடவை ரீட் பண்ணிட்டு மனுஷன் போய்ட்டார். கேட்டதெல்லாம் மொத்தமா வந்துடும்னு நெனப்பு. நெட்வொர்க் என்ன இவர் மாமனார் வீடா?"

"பாதிதான் வந்தா?"

"மீதி அடுத்த ரீட்ல வரும். அதப் போய் அடுத்த பொட்டலத்தோட நீளம்னு படிச்சிடும். மொத பொத்தானை மாத்திப் போட்ட சட்டை மாதிரி, கீழ வரைக்கும் கோணல்தான். எதுவும் வெளங்காம எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுக் கம்முனு இருக்கும்."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப, அந்தப் பக்கம் பேசினது?"

"அது வந்து சேர்ந்திருக்கும்டா. நமக்குத்தான் படிக்கத் தெரியல. வர்றது பூரா அப்படியே ஃபைல்ல கிடக்கு, எடுத்துப் பாரு."

"எங்கப்பாவோடதும் இருக்குமா?"

தாடி அவனை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவன் தோளை ஒருதரம் அழுத்திவிட்டு, வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

திருத்தி எழுத அதிக நேரம் ஆகவில்லை. நீளம் முழுசாக வரும்வரை கேள், பிறகு அந்த நீளம் நிறையும்வரை திரும்பத் திரும்பக் கேள், அவ்வளவுதான். அப்பாவின் பொட்டலங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"பாப்பா... போகாதே. இங்கயே இரு. உன் வீடு இது." மூச்சு. "ஏன் போறேங்கற? வேணாங்கறேன்ல." இருமல். "கேக்கலையா? பாப்பா, கேக்கலையா?"

அதற்கப்புறம் வெறும் மூச்சுதான். தம்பி ஹெட்போனைக் கழற்றவில்லை. அக்காவின் குரல் போன வழி வேறு, அதில் கோளாறு எதுவும் இல்லை. அவள் போகிறேன் என்றது அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது.

அக்கா புருஷன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, தம்பி கொண்டுவந்த போனில் அதைக் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பையோடு வந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனிடம், "நான் கிளம்பறேன்" என்றாள். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

பஸ் பாதி தூரம் வந்தபின்தான் கேட்டாள். "நான் போயிடறேன்னு சொன்னது அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

இரண்டு பக்கமும் சத்தம் அறுந்துவிட்டது என்று ஒரு பொய்யை அவன் தயாராக வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தபின் அது வாயில் வரவில்லை.

"கேட்டுச்சுக்கா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அப்பா வீடு வந்தது. கதவைத் திறந்ததும் நேரே போய் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். சுருட்டி வைத்திருந்த மெத்தைமேல் கையை வைத்து, "வந்துட்டேம்ப்பா" என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

தம்பி பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றான்.