உள்பையில் இருந்த தூசி

1

இந்தக் கதை எனக்கு மருந்துக்கடை வாசலில் கிடைத்தது. நெஞ்சுவலி மாத்திரையை நீட்டிய கடைக்காரர், "இதுவும் வெடியும் ஒரே மருந்துதான் சார். பயப்படாதீங்க, வெடிக்காது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்குக்கடியில் வைத்த மாத்திரை கரைவதற்குள் ஒரு தையல்காரரும் அவர் மகனும் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மகன் ஏற்கெனவே செத்துப்போயிருந்தான். அதை மாற்ற எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தபோது வானம்...

(வேண்டாம். அந்த நேரத்தில் வானத்தை யார் பார்த்தார்கள்?)

இரண்டாவது: தடய ஆய்வகத்தில் அவளுக்கு 'மூக்கு' என்று பட்டப்பெயர். மோப்பம் பிடிப்பதென்னவோ கருவிதான், பெயர் மட்டும் அவளுக்கு.

இது இருக்கட்டும். அவள் மேசையில் ஒரு சட்டை, குண்டுவெடிப்பில் இறந்த தையல்காரர் மகனுடையது. அவன் விரல்களைத் துடைத்தெடுத்த பஞ்சில் நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்து இருந்தது. சட்டைக்குள் வெளியே தெரியாதபடி ஒரு குட்டிப் பை தைத்திருந்தது. அதிலும் அதே.

"வச்சவன் இவன்தான் மேடம். ரகசியப் பை வேற! ரிப்போர்ட்டக் குடுங்க, முடிச்சிரலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். அதற்குள் ஊர் முழுக்கப் பேச்சாகி, தையல்கடைக் கண்ணாடியில் கல் விழுந்துவிட்டது.

(இன்ஸ்பெக்டரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. செத்தவர்களின் வீட்டுக்கெல்லாம் போய் வந்த மனுஷர், பாவம், சரியாகத் தூங்கியே நாளாகிறது.)

3

மூக்கு அவசரப்படவில்லை. வெடித்த இடத்து மண்ணில் கிடைத்தது வேறு வெடிமருந்து. மற்றவர்கள் துணிகளில் போலவே இவன் சட்டையின் வெளிப்பக்கத்தில் அது படிந்திருந்தது. உள்பையிலும் விரல்களிலும் துளிகூட இல்லை. பையின் மூலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக் கருவியில் விட்டாள். பால் சர்க்கரை வந்தது.

(அடிக்குறிப்பு: குண்டுக்குள் எவன் பால் சர்க்கரை போடுவான்? மாத்திரைக்குள்தான் போடுவார்கள்.)

தையல்காரருக்குப் போன் செய்தாள்.

"ஐயா, வீட்ல யாராவது நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"நான்தாம்மா. வெளிய போனா நான் மறந்துருவேன்னு, அவன் சட்டையில உள்பை தைக்கச் சொன்னான். காகிதத்துல மடிச்சு வச்சிருப்பான். வலி வந்தா, 'நாக்கத் தூக்குப்பா'ன்னு அவனே வச்சு விடுவான். ஏம்மா?"

இங்கேதான் அவள் தப்புச் செய்தாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யும் தப்பு. காரணத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்ல அவர்களுக்கு வராது.

"உங்க பையன் மேல தப்பே இல்லைங்கய்யா. அவர் கையில இருந்தது உங்க மாத்திரை. அதத்தான் வெடிமருந்துன்னு நெனச்சுட்டாங்க." நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள்.



"அப்ப எம்புள்ள பேரக் கெடுத்தது நான் தின்ன மாத்திரையா?"

"ஐயோ, அப்படி இல்லைங்கய்யா..."

போனை வைத்துவிட்டார்.

4

முடிவு, ஒன்று: ரிப்போர்ட் போகிறது, பழி நீங்குகிறது, கல் எறிந்தவனே வந்து புதுக் கண்ணாடி மாட்டித் தருகிறான்.

(எழுதியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. ரிப்போர்ட் போனதும் பழி நீங்கியதும் சரி. கல் எறிந்தவனாவது, வருவதாவது!)

முடிவு, இரண்டு: தையல்காரர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஒரு மத்தியானம் வெட்டின துணிமேல் அப்படியே சரிந்து...

(மாட்டேன். ஒரு வீட்டில் எத்தனை பேரைத்தான் சாகடிப்பது?)

ஆனால் நிறுத்தியது நிறுத்தியதுதான், அதை என்னால் அழிக்க முடியவில்லை. மூக்கு தினமும் போன் செய்தாள். அவர் எடுக்கவே இல்லை. மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் கடைக்கே போனாள். அவர் நெஞ்சைப் பிடித்தபடி தையல் மெஷின்மேல் கவிழ்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு நடுவே மாத்திரைச் சீசா.

"வேணாம்மா. அது அவன் கையோட போகட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அவள் மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். கையுறை இல்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த மருந்தை அவள் வெறுங்கையால் தொட்டதே கிடையாது. இப்போது துடைத்துப் பார்த்தால் அவள் விரலிலும் அதுதான் இருக்கும்.

"ஐயா, வாயத் தொறங்கய்யா."

திறக்கவில்லை.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் பக்கத்தில்தானே நிற்கிறீர்கள்? ஐயா என்று கூப்பிட்டால் அவர் திறக்க மாட்டார். அவர் மகன் எப்படிச் சொல்வான் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் சொல்லுங்களேன்.