தாலி முடிச்சும் இரண்டு கேமராவும்

பெரம்பலூர் சிவசுப்பிரமணியன் நல்ல மனுஷர். போட்டோ பிரிண்ட் போடுகிற கலர் லேப் வைத்திருக்கிறார், கூடவே கேமராவும் விற்கிறார். "ரெண்டையும் கொண்டு போங்க, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, புடிச்சதை வச்சுக்கிட்டு இன்னொன்னைத் திருப்பிக் குடுங்க" என்று இரண்டு மிரர்லெஸ் கேமராக்களைப் பையில் போட்டு அரியலூருக்கு அனுப்பி வைத்தார். அந்த நல்ல மனசால் ஒரு வீட்டில் ஒரு வாரம் சோறு தொண்டையில் இறங்காமல் போகும் என்று அவருக்கென்ன தெரியும்!

வீடு என்றால் ஜெயசித்ராவும் அவள் புருஷன் ராஜராஜனும். கல்யாணப் படம் எடுப்பது தொழில். அவள் போட்டோ, அவர் வீடியோ. அவள் எடுத்ததையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, நல்லதைப் பொறுக்கி, ஆல்பமாக்குவது அவர்தான். கம்ப்யூட்டர் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. பெண்ணை அலங்கரிக்கிற அறைக்குள் ஆம்பளை போட்டோகிராபர் நுழைந்தால் முகம் சுளிக்கிற ஊர்கள் இவை. "ஜெயசித்ரா அக்கா அன்னிக்கு வருமான்னு கேளு" என்று விசாரித்துவிட்டு நாள் குறித்த வீடுகள்கூட உண்டு. அதிலும் தாலி கட்டுகிற படம் அவள் எடுத்தால்தான் படம் என்று பேர். இருபது வருஷத்தில் அவள் சம்பாதித்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதை யாராவது தொட வந்தால் விடுவாளா?

பழைய கேமரா தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கலாம், ஒன்றே ஒன்றுதான் முடியும். அங்கேதான் சண்டை தொடங்கியது.

முதல் கேமரா அறுபது மெகாபிக்சல். திருமானூர்ப் பக்கம் கொள்ளிட மணலில், கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியை நிற்க வைத்து அதில் எடுத்துப் பார்த்தாள். அம்மாடி! பட்டுப் புடவையின் சரிகை இழை இழையாக எண்ணிக்கொள்ளலாம். மூக்குத்திக் கல்லில் வானம் தெரிந்தது. ஆனால் அது நிதானமான ஆசாமி. அசையாமல் நிற்பவர்களுக்குச் சரி, கூட்டம் குறுக்கே விழுந்தால் தடுமாறும்.

இரண்டாவது இருபத்துநாலு மெகாபிக்சல். சரிகையை எண்ண முடியாது. ஆனால் மகா சுறுசுறுப்பு. ஆள் ஓடினாலும் ஆடினாலும் கண் எங்கே இருக்கிறது என்று அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். வீடியோ மணிக்கணக்கில் எடுத்தாலும் சூடாகாது.

"முதல்லதுதாங்க வேணும். போட்டோன்னா இது போட்டோ" என்றாள் ஜெயசித்ரா.

"ரெண்டாவதுதான்" என்றார் ராஜராஜன்.

"ஏன்?"

"அது கண்ணைத் தானாப் புடிக்கும் சித்ரா."

"ஏன், எனக்குப் புடிக்கத் தெரியாதா?"

இருபது வருஷத்தில் புடவை நிறத்திலிருந்து கேஸ் அடுப்பு வரைக்கும் "உன் இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்ட மனுஷர், இந்த ஒன்றில் மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றார். அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. வீடியோவுக்குத் தோதான கேமரா. வீடியோ எடுப்பவர் அவர். அப்படியானால் போட்டோவை என்ன செய்யப் போகிறார்?

போன மாதம் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக அவர் சொன்னது நினைவு வந்தது. "பெரம்பலூர்ல அபிநயான்னு ஒரு பொண்ணு, புதுசா வந்திருக்கு. நல்லா எடுக்குது." அன்றைக்கு அவள் ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்போது கணக்கு ஒவ்வொன்றாகக் கூடியது. தனியாகப் பெரம்பலூர் போய் வருகிறார். "நானும் வரேன்" என்றால் "வெயில்ல எதுக்கு" என்கிறார். அவள் எடுத்த எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் "சூப்பர் சித்ரா" என்கிறார். முன்பெல்லாம் அப்படியா? 'தலை வெட்டிருச்சு', 'லைட் பத்தல' என்று நொட்டை சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராதே! குறை சொல்லிக்கொண்டே இருந்த புருஷன் திடீரென்று பாராட்டத் தொடங்கினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது?

விக்கிரமங்கலத்துக் கல்யாணத்தில் அது வெடித்தது. முதல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் மணமேடைக்கு முன்னால் நின்றாள். கெட்டிமேளம் கேட்டு ஐயர் கை தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜராஜன் பின்னாலிருந்து வந்து, இரண்டாவது கேமராவை அவள் கையில் திணித்தார்.

"இதுல எடு."

"என்னாங்க இது, இந்த நேரத்துல!"

"இதுல எடுன்னா எடு சித்ரா!"

முன்வரிசைப் பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மானம் போயிற்று. சண்டை போட நேரமில்லை. தாலி முடிச்சு யாருக்காகவும் காத்திருக்காது. கையில் இருந்ததை வைத்தே எடுத்தாள். நாத்தனார் மூன்றாவது முடிச்சு போடுகிற வரைக்கும் எடுத்தாள். வீட்டுக்குத் திரும்புகிற வழி முழுக்க சிமெண்ட் லாரிகளின் புழுதியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னை மூலையில் உட்கார வைக்க நாள் பார்க்கிறார் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

மறுநாள் காலையில் வெற்றிச்செல்வி போன் செய்தாள். ஆறு மாதத்துக்கு முன் கல்யாணமான பெண். குரல் கம்மியிருந்தது.

"அக்கா, அப்பா தவறிட்டாருக்கா. இன்னிக்கோட இருவது நாளு. எங்கிட்ட அப்பாவோட நல்ல போட்டோவே இல்ல. தாலி கட்டுற படத்துல எனக்குப் பின்னாடி கும்புட்டுக்கிட்டு நிப்பாருல்ல, அதைப் பெருசாப் போட்டுக் குடுங்கக்கா. செவுத்துல மாட்டணும்."

"அழுவாத சாமி. நாளைக்கே போட்டுத் தரேன்" என்றாள் ஜெயசித்ரா.

ராஜராஜனிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. "பெருசெல்லாம் வேணாம். ஆல்பம் சைஸ்லயே ஒன்னு போட்டுக் குடுத்துரலாம்னு சொல்லிரு."

"செத்துப்போன மனுஷன் படங்க. அந்தப் பொண்ணு அழுவுது."

"சொன்னா கேளு சித்ரா. பெருசு வேணாம்." சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு படத்தைப் பெரிதாகப் போட எந்த போட்டோக்காரனாவது வேண்டாம் என்பானா? எதையோ மறைக்கிறார்! கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். வெற்றிச்செல்வி பெயர் போட்ட ஃபோல்டர் ஒன்று இருந்தது. தடவித் தடவி அதை அப்படியே பென் டிரைவில் ஏற்றினாள். இரண்டு கேமராக்களையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

சிவசுப்பிரமணியன் வரவேற்று உட்கார வைத்தார். பென் டிரைவைச் செருகி, தாலிப் படத்தைப் பெரிய திரையில் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது பெருசு தாங்காது மேடம். முகமெல்லாம் கட்டம் கட்டமா ஒடையும். வீடியோவுலேருந்து எடுத்த ஃப்ரேம்தான இது? எட்டு மெகாபிக்சல்தான் வரும்."

"வீடியோவா? நல்லாப் பாருங்க சார். நான் எடுத்த போட்டோ இது."

"டிவி மாதிரி நீட்டமா இருக்கு பாருங்க. போட்டோ இப்புடி இருக்காது" என்றவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். "உங்க ஆல்பத்துல தாலிப் படம் எல்லாமே பத்து மாசமா இப்புடித்தான வருது. நானே சார்கிட்ட கேட்டேன். ஆல்பம் சைஸுக்குத் தாங்கும், போடுங்கன்னாரு."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அடப்பாவி மனுஷா! என் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உன் வீடியோவை வைத்திருக்கிறாய். கல்யாணத்துக்குக் கல்யாணம் என் பேரை நீ தின்றுகொண்டிருக்கிறாய்.

"நான் எடுத்தது எங்க இருக்கு பாருங்க சார்!"

உள்ளே 'வேண்டாம்' என்று ஒரு ஃபோல்டர். அவர் திறந்தார். அவள் எடுத்த தாலிப் படங்கள், பன்னிரண்டு. முதலாவதை முகத்துக்கு நேரே பெரிதாக்கினார். வெற்றிச்செல்வியின் முகம் கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் இருந்தது. மாப்பிள்ளை முகமும் அப்படித்தான். அடுத்தது. அதுவும். பன்னிரண்டும்.

"ஃபோகஸ் புள்ளி ரெண்டு தலைக்கும் நடுவுல போயி உக்காந்துருச்சு மேடம். பழைய கேமராவுல அந்தப் புள்ளி சின்னதா இருக்கும். சரியாத் தெரியலையோ?" என்றார் சிவசுப்பிரமணியன். கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், "டீ சொல்லட்டுமா" என்று எழுந்துவிட்டார்.

அவள் இடது கண்ணைக் கையால் மூடினாள். போட்டோ எடுக்கும்போது மூடுகிற கண் அது. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரின் தேதி தெரியவில்லை. தாள் தெரிந்தது, அதன்மேல் பால் ஆடை படிந்த மாதிரி ஒரு வெளுப்பு. கண்ணைக் கசக்கினாள். வெளுப்பு போகவில்லை. வலது கண்ணை மூடினாள். பதினேழு என்று பளிச்சென்று தெரிந்தது. மறுபடி மாற்றிப் பார்த்தாள், மறுபடியும். டீ வந்து ஆறிப்போயிற்று.

அரியலூர் வந்து சேரும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. ராஜராஜன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். அவள் கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்பத்துலேருந்துங்க?"

"போன ஆடி கழிச்சு."

"அந்த அபிநயா?"

"தாலி நேரத்துக்கு மட்டும் உன் பக்கத்துல நிக்க முடியுமான்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். உங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன். ரெண்டாவது கேமரா வந்தா யாரும் வேணாம். அதுவே கண்ணைப் புடிச்சுக்கும். உனக்கும் ஒன்னும் தெரியாமப் போயிரும்னு நெனச்சேன்."

"எங்கண்ணு போனது எனக்கே தெரியாமப் போயிரும்னா?"

"கண்ணுல புரை இருக்கும்போல சித்ரா. நிமிஷத்துல எடுத்துருவாங்க. ஆனா, நீ எடுத்தது சரியில்லன்னு எப்புடிச் சொல்லுவேன்? சொன்னா அந்த நிமிஷமே கேமராவைக் கீழ வச்சிருவ. உன்னை எனக்குத் தெரியாதா? வச்சா அப்புறம் தூக்க மாட்ட."

அது உண்மைதான். உண்மை என்பதாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "அந்த 'வேண்டாம்' ஃபோல்டரைத் தொறங்க."

"வேணாம்."

"தொறங்கன்னா தொறங்க. எல்லாக் கல்யாணமும். ஒன்னு விடாமப் பாக்கணும்."

அவர் திறந்தார். பத்து மாதம். ஒவ்வொரு பெண்ணின் முகமும் கலங்கிக் கலங்கி வந்தது. அவள் இடது கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் திரையில் விழுந்தபோது அவர் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெற்றிச்செல்வியின் கல்யாணம் வந்தது. ஐந்தாவது படத்தில் ராஜராஜனின் கை நின்றது.

"சித்ரா, இதைப் பாரு."

"பாத்தாச்சு. கலங்கித்தான் இருக்கு."

"பொண்ணைப் பாக்காத. பின்னாடி பாரு." பெரிதாக்கினார்.

இரண்டு தலைகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் வெற்றிச்செல்வியின் அப்பா நின்றார். கூப்பிய கைகள். நகத்தில் ஒட்டிய மஞ்சள். சவரம் செய்த கன்னத்தில் தப்பிப்போன இரண்டு நரைமுடி. இமையின் ஓரத்தில் விழலாமா வேண்டாமா என்று நின்ற கண்ணீர்ச் சொட்டு. ராஜராஜனின் வீடியோ ஃப்ரேமில் அந்த மனுஷனின் பாதி முகத்தை மாலை மறைத்திருந்தது. இங்கே முழு ஆளும் இருந்தார்.

"நானும் பொண்ணு முகத்தை மட்டும்தான் பாத்து ஒதுக்கிட்டேன்" என்றார் ராஜராஜன். "இவரை மட்டும் வெட்டி எடுத்தா செவுரு முழுக்கப் போடலாம். இருவது வருஷத்துல நீ எடுத்ததுலயே இதான் சித்ரா நல்ல படம்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணை, வாயோரத்தை, வியர்த்த நெற்றியை உற்று உற்றுப் பார்த்தாள். 'சூப்பர் சித்ரா' என்று இத்தனை மாதம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்ன அதே முகம்.

"நெசமாவா?"

"சத்தியமா."

"பத்து மாசமா இப்புடித்தானங்க சொன்னீங்க!" அவளுக்கு அழுகை முட்டியது. "இனிமே நீங்க நல்லாருக்குன்னு சொன்னா நான் எதை வச்சு நம்புவேன்?"

அவளே போனை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரம்பலூர் நம்பரைப் போட்டு, அவருக்கும் கேட்கிறமாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், நான் ஜெயசித்ரா பேசுறேன். ஒரு படம் அனுப்பறேன். பின்னாடி ஒரு பெரியவர் நிக்கிறாரு. அவரு முகம் ஷார்ப்பா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்காக நல்லாருக்குன்னு சொல்லிராதீங்க சார், உள்ளதைச் சொல்லுங்க."

"ஏன் மேடம், சார் பக்கத்துல இல்லையா? அவரே சொல்லிருவாரே" என்றார் சிவசுப்பிரமணியன்.

"இருக்காரு. நீங்க சொல்லுங்க."

படம் போய்ச் சேர ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஒரு நிமிஷமும் ராஜராஜன் தலையைக் குனிந்தபடி, தான் சொன்னது உண்மைதான் என்று யாரோ ஒருவர் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார்.