மழை ஓய்ந்த நாலாவது வாரம்

மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய் நாலு வாரமாகியிருந்தது. அதன்பிறகு வெயிலும் வெக்கையும், நடுநடுவே ஒரு தூறலும். ஊர் மழையை மறந்துவிட்டது. அவளுக்கு மட்டும் வேலை கழுத்தை நெரித்தது. வீடு வீடாக ஏறி, தேங்கின தண்ணீரைத் தேடிக் கொட்டுவதுதான் அவள் வேலை. தெருவில் அவளுக்குக் ‘கொசுக்காரக்கா’ என்று பேர்.

அன்றைக்குப் பதினேழாவது வீடு, மூன்றாவது மாடி. முழங்கால் கெஞ்சியது. தையல்காரர் கழுத்தில் டேப்போடு கதவைத் திறந்தார்.

“மறுபடியுமா? மழைதான் நின்னுபோச்சேக்கா!”

“அதான்ணே வந்திருக்கேன். அடிச்சுப் பெய்ஞ்சா கொசுப்புழுவெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். இப்படி விட்டு விட்டுத் தூறி, வெயிலும் காஞ்சாத்தான் அதுக்குக் கொண்டாட்டம். சீக்கிரமே கொசுவாகிடும். அது கடிச்சு, டெங்குக் காய்ச்சல் பரவ ஒரு மாசம் ஆகும். இப்பதான் அந்த நேரம்.”

பதினேழு தடவை சொல்லிச் சொல்லிக் குரலில் உப்புச்சப்பில்லாமல் போயிருந்தது.

பால்கனியில் தார்ப்பாய் மடிப்பில் ஒரு கை தண்ணீர். அதில் புழுக்கள் நெளிந்தன. கவிழ்த்துவிட்டுத் திரும்பியவள், உள்ளே கட்டிலில் சுருண்டு கிடந்த அவர் மனைவியைப் பார்த்தாள்.

“நாலு நாளா காய்ச்சல். காலையிலதான் விட்டுச்சு” என்றார் அவர்.

தொட்டுப் பார்த்தாள். கை சில்லிட்டிருந்தது.

“வயிறு வலிக்குதாம்மா?”

“உயிர் போகுதுக்கா. ரெண்டு தடவ வாந்தி வேற.”

போன வருஷம் இப்படித்தான், காய்ச்சல் விட்டதென்று ஒரு வீட்டில் நிம்மதியாகச் சொன்னார்கள். அவளும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் அந்த வீட்டு வாசலில் கூட்டம்.

“அண்ணே, காய்ச்சல் விட்டதும்தான் ஆபத்து. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“நாளைக்குத் துணி கொடுக்கணுமே...”

“துணி ஓடிடாது. எந்திரிங்க!”

இருவருமாகக் கைத்தாங்கலாய் இறக்கினார்கள். நடுப்படியில் மேற்பார்வையாளர் போன் செய்தார்: “எத்தனை வீடு முடிஞ்சுது?” அவள் போனைத் துண்டித்தாள்.

“சாயந்திரம்வரை விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்” என்றாராம் டாக்டர்.

ஆறாம் நாள் தையல்காரர் போன் செய்தார். “வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்க்கா. சாப்பிடுறா.” விம்மினார்.

“நல்லாப் பாத்துக்குங்கண்ணே” என்றாள்.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. யார் வீட்டுப் படியென்றும் பாராமல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.