கார்லீன் வீட்டு ரசமட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைத்தது. கதை என்பது எழுத்தாளனின் ஆழ்மனதில் ஊறி, பொங்கி, விடியற்காலையில் தானாக வழிவது என்று நம்புகிற வாசகர்கள் தயவுசெய்து மன்னிக்க வேண்டும். நான் கதவுக் கீல் வாங்கப் போயிருந்தேன். எதிர்வீட்டு மெர்ல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மெர்ல், மச்சினிச்சி பஸ்ஸை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்களாமே?"

"கெளம்பிட்டா. வந்துருவா."

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

"வருவாய்யா. நீ பாரேன்."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அவ்வளவுதான். சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள அத்தனையும் எழுதினேன். பாதி நடந்தது, பாதி நான் கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழப்பம்தான்.

[கீல் இன்னும் மாட்டவில்லை. அது வேறு கதை, அதில் என் மனைவி மட்டுமே பேசுவாள்.]

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

"அந்த மஞ்சள் பேருந்து தன் கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டுவிட்டு, கனத்த மனதோடு—"

நிறுத்திவிட்டேன். பேருந்துக்கு மனது வைத்தால் அடுத்த பக்கத்தில் அது அழும். அழுகிற பேருந்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"சுதந்திரம் என்பது நான்கு சக்கரங்களின் மேல்—"

முதலில், ஆறு சக்கரம். இரண்டாவது, பேருந்தை வீடாக்கி வீடியோ போடுகிற இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் எல்லோரும் இந்த வரியைத்தான் சொல்கிறார்கள். பின்னாலேயே ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

"கணவன் இறந்த பிறகு கார்லீனுக்கு—"

இது நன்றாகத்தான் வந்தது. கணவனைக் கொன்றால் வாசகரின் இரக்கம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் கார்லீனின் கணவன் ஃப்ளோரிடாவில் படகு விற்றுக்கொண்டு கொழுகொழுவென்று இருக்கிறான். அவள் புகாரே அதுதான். அவனை நான் கொன்றால் அவளுக்குத் திட்ட ஆள் இருக்காது. பிழைத்துப் போகட்டும்.

சரி, பூச்சு வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

கார்லீன் ஹோபெக்குக்கு ஐம்பத்து மூன்று வயது. ஊரில் யார் வீடு கட்டினாலும் சமையலறை அலமாரி மாட்டுவது அவள்தான். மற்றவர் வீட்டு அடுக்களையையெல்லாம் அழகாக்கிவிட்டு வந்தவளுக்கு விவாகரத்தில் சொந்த வீடு போயிற்று. தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு அக்கா வீட்டின் கீழ்த்தளத்து அறைக்குக் குடிவந்தாள். இந்த உலகத்தில் 'தற்காலிகமாக' என்ற சொல்லைப் போல நீண்டகாலம் உழைக்கிற சொல் இன்னொன்று கிடையாது.

அக்கா பெவர்லி, எதிர்வீட்டு மெர்லுடைய மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பிள்ளைகளைக் கண்ணாடியில் முறைத்தே வளர்த்தவள்.

[இந்த ஊரில் அக்காவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் கைக்கு அது வரவில்லை. கார்லீன் 'அக்கா' என்றே கூப்பிடட்டும். அவளுக்கு இந்தக் கதை வாசிக்கத் தெரியாது.]

பெவர்லியிடம் தங்குவது என்றால் சும்மாவா.

"துணி துவைக்கிறது செவ்வாய்க்கெழமை. மத்த நாள் மெஷின் பக்கம் போகாத."

"சரிக்கா."

"நேத்து எங்க போன?"

"கடைக்கு."

"கடைக்குப் போறவ எதுக்கு உதட்டுச்சாயம் பூசுற?"

ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்டால் அவளுக்கு என்ன தோன்றும்? தன் கதவைத் தானே சாத்திக்கொள்ள ஒரு வீடு வேண்டும், அது எங்கே நிற்க வேண்டும் என்பதையும் தானே சொல்ல வேண்டும் என்று தோன்றும். அவளுக்கும் தோன்றியது. அது மட்டும்தான் அவள் ஆசை. இந்தக் கதையில் வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை, தேடி ஏமாறாதீர்கள்.

பெவர்லி ஓட்டிய பேருந்தைப் பள்ளிக்கூடம் ஏலம் விட்டது அப்போதுதான். "ஒனக்கு வீடுதானே வேணும்? இதை வாங்கி அதுல குடியிரு" என்று பெவர்லி கிண்டலாகச் சொன்னாள். கார்லீன் வாங்கிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று பெவர்லி இன்றுவரை வருத்தப்படுகிறாள்.

4

பேருந்து பெவர்லி வீட்டுப் பக்கவாட்டுப் புல்தரையில் நின்றது. ஒஹாயோவின் இந்த மலைப்பக்கத்தில் சமதளம் என்று ஒன்று கிடையாது. கோலிக்குண்டைக் கீழே வைத்தால் பக்கத்து ஊரில் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். பேருந்து வலப்பக்கம் மேட்டிலும் இடப்பக்கம் பள்ளத்திலுமாக நின்றது. ஊரில் எல்லாமே அப்படித்தான் நிற்கிறது என்பதால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

முதல் கோடை முழுக்க இருக்கைகளைப் பிடுங்குவதிலேயே போயிற்று. துருப்பிடித்த போல்ட் ஒவ்வொன்றையும் அரைத்து அறுக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் சூயிங்கம், அடுக்கடுக்காக. பிறகு சாயம். பள்ளிக்கூட மஞ்சளோடு சாலையில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். கடையில் யாரோ கலக்கச் சொல்லி, பிடிக்காமல் விட்டுப்போன சாயம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. வெந்த பாசிப்பயறு நிறம்.

"வாந்தி எடுத்த மாதிரி இருக்கு" என்றாள் பெவர்லி.

"உன்னையா அதுல குடியிருக்கச் சொன்னேன்?"

பிறகு உள்வேலை. கார்லீன் இடுப்பில் எப்போதும் கண்ணாடிக்குழாய்க்குள் குமிழி ஓடுகிற ரசமட்டம் தொங்கும். குமிழி நடுவில் நிற்காமல் அவள் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாள். எந்த வீட்டுச் சுவரையும் நம்பாதே, எந்தத் தரையையும் நம்பாதே, குமிழியை மட்டும் நம்பு. வாழ்நாளெல்லாம் அவள் தொழில் அதுதான். அப்படியே தரைக்கு ஆப்பு வைத்து மட்டம் பார்த்தாள், அடுப்புமேடைக்கு மட்டம் பார்த்தாள், கட்டில், அலமாரி, தொட்டி, எல்லாவற்றுக்கும் பார்த்தாள். குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

பேருந்தின் ஜன்னல்கள் மட்டும் கோணலாகத் தெரிந்தன.

"இந்தப் பஸ்ஸைக் கட்டினவன் குடிச்சிட்டுத்தான் கட்டியிருக்கான்" என்றாள். பெவர்லி ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

[வாசகரே, உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். விளங்கினவர்கள் வாயைத் திறக்காமல் இருங்கள். இந்தக் கதையில் அப்படி இருந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு.]

5

ஒருநாள் கார்லீன் கிளம்பியேவிட்டாள். நேரே ஏரிக்கரைப் பூங்காவுக்கு. வண்டிக்காரர்கள் தங்குவதற்கென்றே சமமாக இடித்து நிரவி, சரளை கொட்டி வைத்திருந்த இடம். பள்ளத்தாக்கில் இப்படி ஒரு சமதளம் இருப்பதே அதிசயம்.

அடுப்பைப் பற்றவைத்தாள். தன் வீட்டில் தன் முதல் சமையல். முட்டையை எடுத்து மேடையில் வைத்துவிட்டு வாணலிக்குத் திரும்பினாள்.

முட்டை உருண்டது. நிதானமாக, யாரோ கூப்பிட்ட மாதிரி உருண்டு, விளிம்பைத் தாண்டி விழுந்து உடைந்தது. துடைக்கக் குனிந்தாள். அலமாரிக் கதவு தானாகத் திறந்து முதுகில் இடித்தது. தொட்டியில் தண்ணீர் போகவேண்டிய துளைக்குப் போகாமல் எதிர்மூலையில் தேங்கி நின்றது. இடுப்பிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேடையில் வைத்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. வெளியே போய் பம்பரின் மேல் வைத்தாள். அங்கே நடுவில் நின்றது.

சாய்ந்து நின்ற பேருந்துக்குள் மட்டம் பார்த்தே எல்லாவற்றையும் கட்டியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சரளையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊர் ஊராகப் போவதற்கென்று அவள் கட்டிய வீடு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் நேராக நிற்கும். அக்கா வீட்டுப் புல்தரையில்.

["வீடு என்பது—" என்று தொடங்கி இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ஆனாலும் இது புலம்பெயர்ந்தவர் வாழ்வின் குறியீடா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார். இல்லைங்க. பஸ்ஸுங்க. கோணலாக நிற்கிற பஸ்.]

6

முடிவுக்கு வந்தாயிற்று. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: கார்லீன் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு முதலிலிருந்து கட்டுகிறாள். விடாமுயற்சி. பாடப்புத்தகத்தில் சேர்ப்பார்கள். அவளுக்கு முட்டி வலி என்பதை மறந்துவிட்டு எழுதியது இது.

இரண்டு: கோணலுக்குப் பழகிக்கொள்கிறாள். தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில் தூங்கித் தூங்கி, பிறகு சாலையிலும் சாய்ந்தே நடக்கிறாள். இதை வாசித்தால் இலக்கியக் கூட்டத்தில் தலையாட்டுவார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மூன்று: திரும்பிப் போகிறாள். அக்கா 'நான்தான் சொன்னேனே' என்கிறாள்.

மூன்றாவதை எழுதும்போது பேனா அந்த வரியிலேயே நின்றுவிட்டது. பெவர்லி என்ன சொன்னாள்? அவள் ஒன்றுமே சொல்லவில்லையே. அத்தனை காலம் அதே பேருந்தை ஓட்டினவள், டயரில் காற்று குறைந்தால் உட்கார்ந்த மாத்திரத்தில் சொல்பவள், புல்தரையில் அது சாய்ந்து நிற்பது அவளுக்கா தெரியாது? எல்லாவற்றுக்கும் நொட்டை சொல்கிறவள் இதற்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? அவளை வெறும் தொணதொணக்கிற அக்காவாக எழுதியது என் சோம்பேறித்தனம். கடையில் மெர்ல் சிரித்த சிரிப்பும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆகவே மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, பெவர்லியை ஏரிக்கரைக்கு அனுப்பினேன்.

7

பெவர்லி ஒரு பானை பீன்ஸும் சோளரொட்டியுமாக வந்தாள். உள்ளே ஏறி, பானையை மேடையில் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் நகரும் என்று தெரிந்த கை.

"ஏரி நல்லா இருக்கு" என்றாள் கார்லீன். தொலைபேசியிலும் அவள் இதை மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"கார் டிக்கியில ரெண்டு கட்டை இருக்கு. எறக்கு."

பானையைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் போய் இறக்கினார்கள். கனமான ஓக் கட்டைகள். நான்கு விரல் உயரம், சக்கரம் ஏறுவதற்குத் தோதாக ஒரு பக்கம் சரித்துச் செதுக்கியது. ஒன்று முன்சக்கரத்துக்கு, பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் மற்றது அகலமாக.

"வலப்பக்கச் சக்கரத்துக்கு அடியில போடு. நேராயிடும். எந்த ஊருக்குப் போனாலும் முன்னப்பின்ன இதைப் போட்டுச் சரிபண்ணிக்கலாம்."

"கோணலா நிக்குதுன்னு உனக்கு யாருக்கா சொன்னா?"

"யாராவது சொல்லணுமா?"

கார்லீன் கட்டையைப் புரட்டினாள். மரத்தோடு பிறந்து வளர்ந்தவள் அவள். வெட்டு முனைகூட வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது.

"இது எப்ப வெட்டினது?"

"பீன்ஸ் ஆறுது."

"அக்கா."

"போன வருஷம். நீ அடுப்புமேடை போட்ட அன்னிக்கு."

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நாள் வேலை. பஸ்ஸைத் தூக்கி நிறுத்திட்டுக் கட்டியிருப்பேன்."

"தெரியும்."

"நான் பைத்தியக்காரி மாதிரி மட்டம் பாத்துக்கிட்டே இருக்கேன், நீ ஜன்னல்ல நின்னு காப்பி குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்திருக்க."

"ஆமா."

"எப்ப பாரு 'எப்ப போவ, எப்ப போவ'ன்னு என் உசிரை எடுத்தியே. எதுக்குக்கா?"

பெவர்லி ஏரியைப் பார்த்தாள். அவளுக்கு இந்த மாதிரிப் பேசிப் பழக்கமில்லை. எனக்கும் அவளைப் பேச வைத்துப் பழக்கமில்லை.

"நீ கீழ இருமினா மேல எனக்குக் கேக்கும். மெர்ல் காது மெஷினைக் கழட்டி வச்சிட்டுத் தூங்கிடுவாரு. எனக்கு அது கேட்டாத்தான் வீட்ல ஆள் இருக்குன்னு இருக்கும்."

"அப்ப இதை ஏன் இப்ப தூக்கிக்கிட்டு வந்த? ரெண்டு நாள் விட்டிருந்தா நானே திரும்பி வந்திருப்பேன்."

"தல கீழ்ப்பக்கமா போயி தூங்குவியேன்னு நெனச்சேன். எனக்குத் தூக்கம் வரல. போதுமா?"

கார்லீன் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டாள். அவளுக்குக் கோபம் இருந்தது, இருக்கத்தான் வேண்டும், ஒரு வருட உழைப்பு. உள்ளே போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். பெவர்லி இரண்டு கட்டைகளையும் வலப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் போட்டாள். பேருந்துக்கு எதிரே போய் நின்று, பணிமனையில் புது ஓட்டுநர்களுக்குக் காட்டுவது போல இரண்டு கைகளையும் தூக்கினாள்.

8

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கியர் கார்லீனின் கையில், முடிவு உங்கள் கையில். முன்னால் எடுத்தால் சக்கரம் கட்டைமேல் ஏறும், அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பின்னால் எடுத்தால் பூங்காவை விட்டு வெளியே போகிற வழி, கட்டையே இல்லாமல் வீடு நேராக நிற்கிற அக்காவின் புல்தரை. மன்னிப்பாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்குப் பெவர்லியை மட்டும்தான் தெரிகிறது. அவள் கண்ணைத் துடைக்காமல், "வா, வா, இன்னும் கொஞ்சம் வா" என்று கையை அசைத்துத் தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே, பேருந்துக்கு இடம் விட்டு ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள்.