ஆணியில் தொங்கிய சும்மாடுகள்

சின்னசேலம் கூட்ஸ் ஷெட்டின் உள்சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்திருந்தார்கள். ஆணிக்கு ஒரு சும்மாடு, மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கிற துணிச்சுருள்; சும்மாட்டுக்கு ஒரு ஆள். அன்று காலை பதினைந்து பேரில் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். மீதி ஒன்பது பேரின் சும்மாடுகள் வியர்வை வாடையோடு அப்படியே தொங்கின. மாயவன் அந்தப் பக்கம் திரும்பாமலே நின்றான். திரும்பினால் மூன்றாவது ஆணி கண்ணில் படும். அது ராஜாங்கத்தின் ஆணி.

எண்பத்தேழாம் வருடத்துப் புரட்டாசி அது. இடஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்கள் சாலையில் இறங்கியிருந்தார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டதில் சேலம் பஸ் ஒன்றுகூட வரவில்லை, ரயிலும் ஓடவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த காலனியில் பொழுது சாய்வதற்குள் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஷெட்டில் மூட்டை சுமந்தவர்களில் ஒன்பது பேர் ஊர், ஆறு பேர் காலனி. ஊர்க்காரர்கள் மறியலில் இருந்தார்கள். மாயவனும் மற்றக் காலனிக்காரர்களும் வேலை இல்லாவிட்டாலும் ஷெட்டுக்கு வந்திருந்தார்கள், காரணம் அன்று மேஸ்திரி தேர்வு.

தில்லியில் யாரோ கமிட்டி போட்டார்களாம். சரக்கு ஏறாத ஷெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மூடச் சொல்லிவிட்டார்களாம். மூடாமல் விடுகிற இடங்களில் இனி கன்ட்ராக்டர் கிடையாது. சுமப்பவர்களே சங்கம் வைத்து, ரயில்வே அதிகாரி முன்னால் கை தூக்கித் தங்களுக்குள் ஒருவனை மேஸ்திரியாக்க வேண்டும். மேலே உள்ள பெரிய நாற்காலிகளுக்கு ஆள் போடுவதை வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறவர்கள், சின்னசேலம் மேஸ்திரிக்கு மட்டும் நாள் குறித்து ஆளை அனுப்பிவிட்டார்கள்.

மேஸ்திரி மூட்டை தொடுவதில்லை. கையில் பித்தளை வில்லை கட்டிக்கொண்டு வேகன் வாசலில் நின்று எண்ணுவதுதான் அவன் வேலை. முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டான், நெல் அளக்கிறவர்களைப்போல லாபம் என்றுதான் தொடங்குவான். அவன் குரல் கொடுக்காமல் முதல் மூட்டை வேகனுக்குள் ஏறாது.

மாயவனுக்கு அந்த வில்லை வெறும் ஆசை இல்லை, பிழைப்பு. அவன் கழுத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. இன்னும் ஒரு வருடம் தலைச்சுமை சுமந்தால் வலது கை சோற்றுக்குக்கூட எழும்பாது என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார். அது அவன் மனைவி செவ்வந்திக்குத் தெரியும், ராஜாங்கத்துக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. மேஸ்திரி ஆகாவிட்டால் ஷெட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.

ராஜாங்கத்துக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? மாயவன் தலையில் இத்தனை வருடமாக மூட்டை ஏற்றிவிடுகிறவன் அவன். குத்தகைக் கரும்பு கைகொடுக்காமல் ஷெட்டுக்கு வந்தவன். கொஞ்ச நாளாக அடுக்கில் எடை குறைந்த மூட்டையாகப் பார்த்து மாயவனுக்குத் தள்ளுவான், பார்க்காதவன்போல முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆணியில் சும்மாடு தொங்கினால் ஆள் இருக்கிறான் என்பது ஷெட்டின் கட்டுப்பாடு. படுத்துக் கிடந்தாலும் அவனுக்குப் பாதிப் பங்கு உண்டு. மாயவன் கழுத்து வலியில் கிடந்தபோது அந்தப் பங்கைக் கொண்டுவந்து கொடுத்ததும் ராஜாங்கம்தான். காலனி முனை வரைக்கும் வந்தான், அதற்கு மேல் வரவில்லை. ஊர் டீக்கடையில் மாயவனின் கிளாஸ் தனியாகத்தான் கவிழ்ந்திருந்தது. அதையும் ராஜாங்கம் பார்த்துக்கொண்டுதான் டீ குடித்தான்.

மேஸ்திரிக்கு ஊர்க்காரர்கள் ராஜாங்கத்தின் பெயரையும் காலனிக்காரர்கள் மாயவனின் பெயரையும் சொல்லியிருந்தார்கள். ஒன்பது கைக்கு ஆறு கை ஈடாகுமா? மாயவன் மனசுக்குள் தோற்று முடித்திருந்தான்.

அதிகாரி, தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிவந்த டிராலியில் வந்து இறங்கினார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. எல்லோரும் வந்தாகிவிட்டதா என்று கேட்டார். காலனியில் வயதில் மூத்தவரான சின்னக்கண்ணு சுவரைக் காட்டி, ஆணியில் இருக்கிறவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், இங்கே அதுதான் வழக்கம் என்றார். அதிகாரி சிரித்தார். ஆணிக்குக் கை முளைத்திருக்கிறதா என்றார். பிறகு என்ன தோன்றியதோ, ஷெட் வேலையில் சீனியர் யார் என்று விசாரித்து மாயவனைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க. இன்னொரு நாள் தள்ளி வெச்சுக்கலாமா?"

தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும் என்று மாயவனுக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஆனால் கழுத்து வலித்தது. கவிழ்ந்திருந்த கிளாஸ் ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி ஞாபகத்துக்கு வந்தாள். தானாக வருகிற சீதேவியைக் காலால் எட்டி உதைப்பார்களா?

"வந்தவங்கள வெச்சி முடிச்சிடுங்க சார்," என்றான்.

ஆறு கைகள் உயர்ந்தன. சின்னக்கண்ணுவின் கை கடைசியாக உயர்ந்தது. அன்று வீட்டில் செவ்வந்தி வில்லையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். மாயவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் வில்லைப் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டான்.

மறியல் முடிந்து வழி திறந்ததும் மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து சர்க்கரை லாரிகள் ஒரே மூச்சாக வந்து நின்றன. லாரி ஆட்கள் மூட்டைகளை ஷெட்டில் இறக்கி அடுக்கினார்கள். காலி வேகன்களும் வந்து சேர்ந்தன. சாயங்காலத்துக்குள் ஏற்றாவிட்டால் வேகன் காலியாகத் திரும்பும். காலியாகத் திரும்பினால் சரக்கு ஏறாத ஷெட் என்று மேலே போகும், அப்புறம் ஷெட்டும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. ஒன்பது பேரும் வந்தார்கள். ஆனால் ஷெட்டுக்குள் வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்கள். தன்னை விட்டால் மிச்சமிருந்த ஐந்து பேரை வைத்துக்கொண்டு அத்தனை மூட்டையையும் எப்படி ஏற்றுவது என்று மாயவனுக்குக் கைகால் ஓடவில்லை.

ராஜாங்கம் மட்டும் உள்ளே வந்தான். வில்லையைப் பார்த்தான், ஆணியைப் பார்த்தான்.

"ரோட்டுல நின்னுகினு எங்களையும் எண்ணுங்கன்னு கத்திகினு கெடந்தோம் மாயவா. இங்க நீ என் ஆணிய எண்ணாம வுட்டுட்ட."

ஊருக்குள் என்னை யார் எண்ணினார்கள் என்ற கேள்வி மாயவனின் தொண்டை வரை வந்தது. பொய்யான கேள்வி இல்லை அது. ஆனால் அதை இவனிடம் கேட்க வாய் வரவில்லை.

"எண்ணியிருந்தா நான் தோத்திருப்பன்," என்றான்.

"இன்னா தெரியும் உனக்கு? என் கை உனக்குத்தான்னு வெச்சிருந்தன். எம் பின்னால மூணு பேரு வந்திருப்பானுங்க." ராஜாங்கம் வெளியே மரத்தடியைப் பார்த்தான். "இப்போ நான் கூப்ட்டா எவன் வருவான்?"

 நியாயமாகவே கிடைத்திருக்க வேண்டியதைத் திருடிக்கொண்டு நிற்கிறோமே என்று மாயவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ராஜாங்கம் மூன்றாவது ஆணியிலிருந்து தன் சும்மாட்டை எடுத்தான். உதறித் தலையில் வைத்துக்கொண்டு அடுக்குக்குப் போய், முதல் மூட்டைக்கு முன்னால் குனிந்து நின்றான்.  மேஸ்திரி மூட்டை தொடக்கூடாது என்று சின்னக்கண்ணு முணுமுணுத்தார். மாயவன் காதில் வாங்காமல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தான், மறுமுனையைச் சின்னக்கண்ணு பிடித்தார். தூக்கியபோது கழுத்திலிருந்து விரல் நுனி வரை வலி இறங்கியது. மூட்டை ராஜாங்கத்தின் தலையில் உட்கார்ந்தது.

மாயவன் வேகன் வாசலுக்குப் போய் நின்றான். ராஜாங்கம் பலகை வழியாக ஏறி வாசலுக்கு ஒரு அடி முன்னால் நின்றுகொண்டான். முதல் மூட்டை, எண்ணாமல் உள்ளே போகமாட்டான். வேப்பமரத்தடியில் எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். லாபம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாயவன் வாயைத் திறந்தான். திருடிய வில்லையைக் கட்டிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லக் குரல் வரவில்லை. மூட்டைக்கு அடியில் ராஜாங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டே போனது, பலகை மெல்ல ஆடியது, அவன் நகராமல் நின்றான்.