கோணல் சலாம்

ஹுல்காருக்குக் கல்யாணமாகி இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. அந்த இருபத்தோரு நாளில் அவள் போட்ட சலாம்களை எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டும். மர்கிலான் ஊரில் புது மருமகள் என்றால் விடிவதற்குள் முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். பிறகு வாசலைத் தாண்டி வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும், முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடித்து, மூன்று முறை குனிய வேண்டும். நாற்பது நாளைக்கு இதுதான் உத்தியோகம்.

முதல் பத்து நாள் அவள் குனிகிற அழகைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்தார்கள். மாமியார் மவ்ஜூதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் ஹுல்காரின் வலது முழங்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றினால் ஆணி குத்துவதுபோல் இருந்தது. அன்றிலிருந்து சலாம் கோணிவிட்டது. இடது கால் மடியும்; வலது கால் கம்பம் மாதிரி நிற்கும்; உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து, உட்காரப் போன ஒட்டகம் மனசு மாறி எழுந்ததுபோல் முடியும்.

"என்னடி இது, பாதி சலாம்?" என்றாள் மவ்ஜூதா. "மீதிப் பாதி உங்கம்மா வீட்டுலயே இருக்கா?"

"இல்லத்தே. கால் மரத்துப்போச்சு."

"இருபத்திரெண்டு வயசுல மரத்துப்போகுதா? கண்ணு வேற சிவந்து கெடக்கு. ராவெல்லாம் அழுதியா? இந்த வீட்டுல உனக்கு என்ன குறை?"

ஹுல்கார் அழவில்லை. கண்கள் தாமாகவே சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தின. அது போதாதென்று, உள்ளங்காலில் சின்னச் சின்னத் தடிப்புகள் கிளம்பி, செதிலாக உரிய ஆரம்பித்தன. அதை மறைக்க ஜூலை மாத வெயிலிலும் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் போனில் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். "நாப்பது நாளைக்கு வாயத் திறக்காதடி. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னே, நோஞ்சானைத் தலையில கட்டிட்டாங்கன்னு ஊரே பேசும். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின டாக்டர் சர்டிபிகேட்டையும் காசு குடுத்து வாங்கினதும்பாங்க."

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை சொலிஹா வருகிறாள் என்று தகவல் வந்தது. சொலிஹா மவ்ஜூதாவின் நாத்தனார், கோகந்தில் இருப்பவள். மவ்ஜூதாவின் மகன் அக்மலுக்குத் தன் கொழுந்தன் மகளைக் கட்டிவைக்கப் பார்த்து, நடக்காமல் போனவள். கல்யாணத்தன்று பல்வலி என்று வரவில்லை. இப்போது பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு மருமகளைப் பார்க்க வருகிறாள்.

"அவ முன்னாடி அந்த ஒட்டக சலாத்தைப் போட்டே, அன்னிக்கே உன் பெட்டியக் கட்டி உங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்றாள் மவ்ஜூதா. "ஒழுங்கா குனியக் கத்துக்கிட்டு வந்தா போதும். எப்ப வேணா வா."

இப்படிப் போன பெண்கள் சிலர் திரும்பி வரவே இல்லை என்பது ஹுல்காருக்குத் தெரியும்.

அன்று இரவு அக்மல் அவள் முழங்காலில் ஆட்டுவால் கொழுப்பைச் சூடாக்கித் தடவினான். மூன்று நாளாக இதே வைத்தியம். அறை முழுக்கக் கறிக்கடை வாசம்.

"என்னங்க, இது காலா, கபாபா?"

"வீக்கம் கொறஞ்ச மாதிரி இருக்கே."

"உங்க கண்ணுல பூ விழுந்திருக்கு."

அவன் சிரிக்கவில்லை. பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவன் அவன். எதையும் போட்டோ எடுத்துத்தான் பழக்கம். அவளுடைய உள்ளங்காலைப் படம் பிடித்து, பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் காட்டியிருந்தான். "இது தோல் டாக்டர் பாக்க வேண்டியது. தள்ளிப்போடாத" என்று சொல்லிவிட்டார்.

"தோல் டாக்டரா?" ஹுல்கார் எழுந்து உட்கார்ந்தாள். "பச்சை கேட்டுக்கா?"

பச்சை கேட் என்பது பெர்கானாவுக்குப் போகிற வழியில் இருக்கிற ஆஸ்பத்திரி. தோல் வியாதிக்கும் பால்வினை நோய்க்கும் ஒரே கட்டடம், ஒரே வாசல். தேமலுக்கு மருந்து வாங்கப் போனாலும், பார்த்தவர்கள் வேறு கணக்குத்தான் போடுவார்கள். "பச்சை கேட்டுக்குப் போனவன்" என்பது அந்த ஊரில் வசவு.

"வியாழக்கிழமை பத்து மணிக்குச் சொல்லி வச்சிருக்கேன். நூல் வாங்கப் போறோம்னு அம்மாகிட்ட சொல்லிக்கலாம். அவங்களும் வியாழக்கிழமை வீட்டுல இருக்க மாட்டாங்க. அடுத்த தெருவுல துவா ஓதுற வீட்டுக்குப் போயிருவாங்க."

வியாழக்கிழமை ஹுல்கார் கறுப்புக் கண்ணாடி போட்டு, முகக்கவசம் மாட்டி, இரண்டு முக்காட்டை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு பச்சை கேட்டுக்குள் நொண்டியபடி நுழைந்தாள். அக்மல் காரை ஒரு பர்லாங் தள்ளி, ஒரு தர்பூசணி வண்டிக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டான்.

நடைபாதை பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் எதிர்ச் சுவரில் இருந்த ஒரே விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் மட்டும் இடமிருந்தது. அங்கே பெரிய முக்காடும் முகக்கவசமுமாக, அந்தப் புழுக்கத்தில் நீளக் கோட்டும் போட்டுக்கொண்டு, வயதான பெண் ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தைந்து நாள் பழக்கம் என்ன செய்யும்? வயதான பெண்ணைக் கண்டதும் ஹுல்காரின் கை தானாக முக்காட்டுக்குப் போனது. இடது கால் மடிந்தது. வலது கால் கம்பமாக நின்றது. உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

கோட்டுப் பெண் தலையைத் திருப்பினாள்.

"இந்தக் கோணல் சலாத்தை உலகத்துல ஒருத்திதான் போடுவா" என்றது முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஹுல்கார் கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "அ... அத்தே?"

"கத்தாதடி! உக்காரு! நீ நூல் வாங்கப் போனவதானே?"

"நீங்க துவா ஓதப் போனவங்கதானே?"

"என்னைக் கேள்வி கேக்கிறியா? கல்யாணமாகி நாப்பது நாள் ஆகல, அதுக்குள்ள இங்க வர்றே. என் பையனுக்கு என்னத்தடி ஒட்ட வச்சே?"

ஹுல்கார் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தாள். பெட்டி ஞாயிறுவரை காத்திருக்காது என்று தோன்றியது. இன்று சாயங்காலமே கட்டிவிடுவார்கள்.

அப்போது கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "மவ்ஜூதாக்கா! வந்துட்டீங்களா? முழங்கை எப்படி இருக்கு? தலையில செதில் கொட்டுறது நின்னுச்சா?"

அத்தனை பேரும் விரிசலிலிருந்து கண்ணை எடுத்து மவ்ஜூதாவைப் பார்த்தார்கள். மவ்ஜூதா கோட்டுக் காலருக்குள் ஆமை மாதிரி போய்விட்டாள்.

"எத்தனை நாளா அத்தே?" என்று ஹுல்கார் மெதுவாகக் கேட்டாள்.

"முப்பது வருஷமா. கல்யாணமான வருஷம் வந்துச்சு. முழுக்கை இல்லாம நான் ஒரு சட்டை போட்டதில்ல. உங்க மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. முக்கியமா அந்த சொலிஹாவுக்குத் தெரியவே கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு என்ன?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

ஹுல்கார் கம்பளிக் காலுறையைச் சுருட்டினாள். மவ்ஜூதா உள்ளங்காலைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், கறுப்புக் கண்ணாடியைத் தானே கழற்றிக் கண்ணையும் பார்த்தாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா குனிஞ்சே?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

டாக்டர் இனோபத் நிதானமாகப் பார்த்தாள். மூட்டை அமுக்கினாள், குதிகாலைத் தட்டினாள், கண்ணிமையை விலக்கினாள். பிறகு, "ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள வயித்துப்போக்கு ஏதாவது வந்துச்சா?" என்றாள்.

ஹுல்கார் தரையைப் பார்த்தாள். "வந்துச்சு. மூணு நாள். கல்யாண பயம்னு நெனச்சேன்."

"பயம் இல்லம்மா, கிருமி. அது வயித்துல இருந்து போயிருக்கும். உன் உடம்பு மட்டும் சண்டைய நிறுத்தல. திருடன் ஓடிட்டான், போலீஸ் வீட்டுக்காரங்களையே போட்டு அடிச்சிட்டிருக்குன்னு வச்சுக்க. மூட்டுல அடி, கண்ணுல அடி, தோல்ல அடி. வேற வகைக் கிருமியாலயும் இது வரும். அதனால ரத்தம், சிறுநீர் எல்லாம் பாத்துருவோம். கண் டாக்டரையும் மூட்டு டாக்டரையும் பாரு. இந்த மூட்டுவலி யாருக்கும் ஒட்டாது. பெரும்பாலும் சில மாசத்துல அடங்கிரும். அதுவரைக்கும் அந்தக் காலை மடக்காத."

"ஒட்டாதா?" என்றாள் மவ்ஜூதா.

"உங்களுது ஒட்டுச்சா? முப்பது வருஷமா யாருக்காவது குடுத்தீங்களா? இது அது மாதிரிதான். பாக்கப்போனா, உங்க முழங்கையும் உங்க மருமக உள்ளங்காலும் ஒண்ணுவிட்ட சொந்தம்." டாக்டர் பேனாவை எடுத்தாள். "வயித்துக்கு ஒத்துக்காம என்ன சாப்பிட்டே?"

ஹுல்காருக்கு நன்றாக நினைவிருந்தது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து துணியில் கட்டிய பெரிய பித்தளைத் தாம்பாளம் வந்தது. அதில் மவ்ஜூதாவின் ஹசிப். ஆட்டுக் குடலில் அரிசியும் கொத்துக்கறியும் அடைத்து வேகவைப்பது. மவ்ஜூதாவின் ஹசிப்புக்கு மர்கிலானில் பேர் உண்டு. சொலிஹாவே முப்பது வருஷமாகப் பக்குவம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள்.

"பஜார்ல... கபாப்" என்றாள் ஹுல்கார்.

"எப்போ?" என்று மவ்ஜூதா கேட்டாள்.

"கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி."

"நாலு நாள் முன்னாடி கல்யாணப் பொண்ணை உங்கம்மா வாசப்படி தாண்ட விட்டாளா? யாருகிட்டடி கதை விடுறே?" மவ்ஜூதா விரல்விட்டு எண்ணினாள். எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். "அது என் தாம்பாளம் வந்த நாள்."

ஹுல்கார் காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எத்தனை துண்டு தின்னே?"

"எட்டு."

"எட்டா! மத்தவங்க?"

"யாருக்கும் குடுக்கல. அவர் வீட்டுல இருந்து மொதமொதல்ல வந்தது, அதனால..." அவள் காது சிவந்தது.

மவ்ஜூதாவின் முகம் இளகியது. உடனே சந்தேகமும் வந்தது. "தின்னும்போது ஒண்ணும் தெரியலையா?"

"கொஞ்சம் புளிச்சுது அத்தே. உங்க கைப்பக்குவமே அப்படித்தான்னு நெனச்சேன்."

"புளிச்சுதா! என் ஹசிப்பா!" பச்சை கேட்டில் மாட்டிக்கொண்டதைவிட இதுதான் மவ்ஜூதாவைச் சுட்டது. "எல்லாம் தாம்பாளத்தை எடுத்துட்டு வந்த என் தம்பி மகன் வேலை. காரை வெயில்ல நிறுத்திட்டு காடைச் சண்டை பாத்துட்டு நின்னிருக்கான், நாலு மணி நேரம்! தாம்பாளம் டிக்கியில. எனக்கு அப்புறம்தான் தெரியும். உங்கம்மாவுக்கு போன் பண்ணி, சாப்பிடாதீங்கன்னு சொல்லியிருக்கணும். மானம் போயிருமேன்னு சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே வந்தபோது, மாமியாரும் மருமகளும் கைகோத்து வருவதைக் கண்ட அக்மல் காருக்குள் சீட்டோடு சீட்டாகச் சரிந்துவிட்டான். "எழுந்திருடா" என்று மவ்ஜூதா கண்ணாடியைத் தட்டினாள். "ஆட்டுக்கொழுப்பு டாக்டரே, வண்டிய எடு."

ஞாயிற்றுக்கிழமை சொலிஹா பதினோரு பெண்களோடு வந்து இறங்கினாள். கூடத்து மெத்தைகளில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவே ஹுல்கார் ஒரு நாற்காலியில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழப்போனவளை மவ்ஜூதா தோளில் கைவைத்து அமுக்கினாள்.

"புது மருமக நாற்காலியில, நாங்க தரையிலயா?" என்றாள் சொலிஹா. "நல்லாருக்கும்மா உங்க வீட்டு மரியாதை. இவளுக்குக் குனியத் தெரியாதுன்னு கோகந்து வரைக்கும் பேச்சு வந்துச்சு. நான் நம்பல. என் கொழுந்தன் பொண்ணா இருந்தா..."

ஹுல்கார் மாமியார் முகத்தைப் பார்த்தாள். விழுந்துட்டா, சுளுக்கு என்று சொன்னால் முடிந்துவிடும். மவ்ஜூதாவும் அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள்.

மவ்ஜூதா தொண்டையைச் செருமினாள். "அண்ணி, இவளுக்குக் குனியத் தெரியும். நான் அனுப்பின ஹசிப் கெட்டுப்போச்சு. அதத் தின்னு இவ காலு வீங்கிப்போச்சு."

பதினோரு பெண்களும் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

"உன் ஹசிப்பா?" சொலிஹாவின் முகத்தில் முப்பது வருஷத்து மகிழ்ச்சி மெதுவாக மலர்ந்தது. "கெட்டா போச்சு?"

"கெட்டுப்போச்சு. புளிச்சுப்போச்சு. ஊர் பூரா சொல்லிக்கோங்க. தப்பு என்னோடது, அதனால இவ சலாத்தை நான் போடறேன்."

ஐம்பத்தாறு வயது மவ்ஜூதா, மாமியாராகிவிட்டவள், கூடத்து நடுவில் நின்று முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் மடித்துக் குனிந்தாள். ஒன்று. பெண்கள் பதறி எழுந்தார்கள். இரண்டு. "ஐயோ, போதும் மவ்ஜூதா!" என்று சொலிஹாவும் எழுந்தாள். மூன்றாவது சலாத்தில் சட்டையின் முழுக்கை முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது.

முழங்கையில் சிவந்த வட்டம், மேலே வெள்ளிச் செதில்.

"என்னது அது?" என்றாள் சொலிஹா.

மவ்ஜூதாவின் கை பழக்கத்தில் சட்டையை இழுக்கப் போனது. ஹுல்கார் நாற்காலியிலிருந்து எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவா பெரியத்தே?" என்றாள் ஹுல்கார். வந்த நாளிலிருந்து அவள் விருந்தாளிகள் முன்னால் பேசிய முதல் வார்த்தை அது. "அது என் உள்ளங்காலுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்."

மவ்ஜூதா முதலில் முறைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முக்காடு நழுவுகிற அளவுக்குச் சிரித்தாள். சட்டையை இழுத்துவிடவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் காரணம் புரியாமலே சிரித்தார்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது சொலிஹா செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினாள். முக்காட்டுக்குள் ஒரு விரலை விட்டுக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள். "மவ்ஜூதா... உன் டாக்டர் எந்தக் கிழமை பாப்பா?"

"வியாழக்கிழமை, அண்ணி. கோட்டு வேணும்னா என்னுது இருக்கு. இனிமே எனக்கு வேணாம்."